கோலாலம்பூரில் அறுவை சிகிச்சையா? கத்திக்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை

வேலைக்கோ படிப்புக்கோ கோலாலம்பூர் வந்த கொஞ்ச நாளிலேயே குடலிறக்கம், பித்தப்பைக் கல், எலும்பு முறிவு என்று ஏதாவது ஒன்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேரலாம். ஊரில் குடும்ப மருத்துவருக்கு உங்கள் உடம்பின் கதை தெரியும். இங்கே பார்க்கும் மருத்துவரிடம் உங்களைப் பற்றி ஒரு தாளும் இருக்காது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களில் பலவற்றை முன்கூட்டியே கணிக்க முடியும். அதற்கு வேண்டிய விவரங்களில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால் மயக்க மருத்துவர் முன்னதாகவே உங்களைப் பார்ப்பார். அவர் கேட்பவை வெறும் சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. இதயத்துக்கு வரும் ஆபத்தைக் கணிக்க 1999 முதல் புழங்கும் ஒரு கணக்கு ஆறு விஷயங்களைப் பார்க்கிறது: அறுவை பெரியதா, இதயத்தில் அடைப்பு உண்டா, இதயம் பலவீனமா, பக்கவாதம் வந்ததா, இன்சுலின் போடுகிறீர்களா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேலா. இவற்றில் ஒன்றை மறைத்தாலும் கணக்கு பிழையாகிவிடும். பலமாகக் குறட்டை விடுவது, மயக்க மருந்தால் குடும்பத்தில் யாருக்காவது விபரீதம் நேர்ந்தது, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

குடிப்பழக்கத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் மறைக்கிறார்கள். தினமும் குடிப்பவருக்கு அது திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் மனக்குழப்பமும் வரலாம், வலிப்புகூட வரலாம். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடுவார்கள். மருத்துவர் உங்கள் மாமனாரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். இந்திய வணிகப் பெயர்கள் இங்கே பலருக்குத் தெரியாது, அட்டையில் உள்ள மருந்தின் மூலப் பெயர் தெரியும். இனிப்புநீர் எனும் சர்க்கரை நோய்க்கு எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். பொதுவாக அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்தியிருந்தால், அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூலிகைக் கடையில் வாங்கிய ஜமு எனும் மலாய் மூலிகை மருந்து, ஜின்செங், பூண்டு மாத்திரையும் பட்டியலில் இருக்கட்டும். சில ரத்தக்கசிவைக் கூட்டும்.

பொதுவான விதிப்படி திட உணவை 6 மணி நேரம் முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். தே தாரிக் எனும் பால் தேநீரும் மைலோவும் தெளிந்த நீர் அல்ல. பால் கலந்தவை உணவுக் கணக்கில்தான் சேரும். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அறுவை நடக்கும் இடத்தை வீட்டில் ரேஸரால் மழிக்காதீர்கள், நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி நுழையும்.

அறுவை அறையில் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள். அது 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின் வேலை. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன.

பிறகு உங்கள் முறை. வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது வீரமல்ல. வலி இருந்தால் ஆழமாக மூச்சு விட மாட்டீர்கள், இரும மாட்டீர்கள், நுரையீரலில் சளி தேங்கிவிடும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது குறையும்.

சாப்பாட்டில் இரண்டு ஊர் வழக்கங்கள் மோதும். மீனும் முட்டையும் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்வார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஹாருவான் மீன் சூப்போடு வருவார். ஹாருவான் வேறொன்றுமில்லை, நம் விரால்தான். இதில் நான் அக்கா பக்கம். புண் ஆறப் புரதம் வேண்டும். மருத்துவர் தடை சொல்லாதவரை மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிடலாம்.

விடுதி அறைக்குத் திரும்பியதும் அறைத்தோழர் ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லி வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, புண் சிவந்து சீழ் வடிவது, காய்ச்சல் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999-ஐ அழையுங்கள். மலாய் வராதவர்கள் ‘செசாக் நாஃபாஸ்’, அதாவது மூச்சுத்திணறல், என்பதையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புண்ணில் தொற்று 30 நாள் வரைகூட வரலாம். தையல் பிரித்தவுடன் கவனத்தை விட்டுவிட வேண்டாம். உடனே சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் ஏறவும் வேண்டாம். அறுவை செய்த மருத்துவர் எழுத்தில் சம்மதம் தந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

உணவகச் சமையலறையிலும் கிடங்கிலும் வேலை செய்பவர்கள், சம்பளம் போய்விடும் என்று பயந்து சீக்கிரமே மூட்டை தூக்கப் போய்விடுகிறார்கள். தையல் விட்டு மறுபடியும் குடலிறக்கம் இப்படியும் வரலாம். மலேசிய வேலைச் சட்டம் சாதாரண நோய் விடுப்பு போக, மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. வீடு திரும்பும் நாளிலேயே எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழையும், எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கி, முதலாளியிடம் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.