சென்னையில் வீடு கட்டுவோர் வெயிலையும் மழையையும் கணக்கில் கொள்ளும் முறை

மனையில் வாஸ்து பார்ப்பதற்கு முன் வெயிலைப் பாருங்கள். கோடைப் பிற்பகலின் கடுமை மேற்குச் சுவரில்தான் இறங்குகிறது என்பதால், மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கே தள்ளிவிட்டு, படுக்கையறைகளைக் கடற்காற்று வரும் தென்கிழக்கில் அமைத்தால், ஏசி ஓடும் நேரமும் அது தெருவில் கக்கும் வெப்பமும் குறையும்.

சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ (rat-trap bond) என்னும் செங்கல் அடுக்கு முறையைப் பரிந்துரைக்கிறேன். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவதால், ஒன்பது அங்குலச் சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் காற்றறைகள் உருவாகின்றன. செங்கல்லும் ஏறத்தாழ 25 சதவீதம் மிச்சமாகும். அடி வரிசையும் ஜன்னல், கதவு ஓரங்களும் மட்டும் வழக்கமான கெட்டிக் கட்டாக இருக்கட்டும். பழக்கதோஷத்தில் கொத்தனார் மிஞ்சிய கலவையை அந்த இடைவெளிக்குள் தள்ளிவிடுவார். அப்படி நிரப்பிவிட்டால் இந்தக் கட்டின் பயனே போய்விடும் என்பதால், முதல் நாள் அருகிலேயே நின்று கவனியுங்கள். மின்குழாய் செல்லும் வழியையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்.

மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு போதும்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழும். முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வருவதை மணல், ஜல்லி வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். ஐப்பசி பிறக்கும் முன் அந்த மணலை அள்ளிக் கழுவிவிடுங்கள்.