கல் சுலபம், கையெழுத்துதான் கஷ்டம்

சென்னையின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நினைவுக்கல் வைத்துவிட்டு வரலாம் என்று வெளிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கல்லைப் பற்றியே யோசிக்கிறார்கள். இரண்டு வார விடுமுறையை விழுங்குவது பதிவேடு.

அலுவலகத்தில் முதலில் கேட்பது குழி எண். அது உங்களிடம் இருக்காது. அடக்கப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். வீட்டில் எல்லோரும் சொல்வது இறந்த நாள். பதிவேட்டில் இருப்பது அடக்கம் செய்த நாள். டிசம்பர் 31 மாலை இறந்தவரை அடுத்த ஆண்டில் தேட வேண்டும். பெயரும் அப்படித்தான்: ஊருக்கெல்லாம் துரைசாமி, பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், அதுவும் எழுதியவர் காதில் விழுந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், கடைசியாகக் குடியிருந்த தெரு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். கற்கள் இடம் மாறும். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்த கல்லறைக் கற்களே சாட்சி. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டின் கல்லறைகளை மறைவிடமாக்கிக்கொண்டதால், பிறகு ஆங்கிலேயர் அவற்றை இடித்துக் கற்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவற்றின் கீழே யாரும் இல்லை.

அடுத்தது வாரிசுகளின் சம்மதக் கடிதம். வாட்ஸ்அப் படம் செல்லும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகனின் கடிதம் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருந்தால் பேச்சு குறையும். ஊரில் இருக்கும் பெரியப்பா, "கல்லின் அடியில் எங்கள் பெயரும் வரட்டும்" என்பார். எரிச்சல் வரும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றியது யார் என்று கேட்டுப் பார்த்துவிட்டு எரிச்சல்படுங்கள். பணம் அனுப்பியவர் பெயர் மட்டும் பொறித்த கல்லைப் பக்கத்துக் குழிக்காரர்கள்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினால், கல் வெட்டுகிறவரின் பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சிதறும். பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள், வெட்டுவதற்கு முன் ஒட்டும் ஸ்டென்சிலை நேரில் படியுங்கள். வெட்டிய பிறகு திருத்தம் கிடையாது.

பழைய கல்லில் துளை போட வேண்டாம். இரும்பு ஆணி துருப்பிடித்து உப்பி, கல்லைப் பிளக்கும். கால்மாட்டில் தனி மேடை கட்டி, 20 மி.மீ. கருங்கல்லைத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளால் நிறுத்துங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்லறைக்குச் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். பாசிக்குத் தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். ஆசிட் பளிங்கை அரித்துவிடும். தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கல்லறைகள் வேறு கணக்கு: அங்கே 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது.

வேலை முடிந்ததும், கல் வைக்கக் கிடைத்த அனுமதியின் எண் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, ரசீதின் நகலை நவம்பரில் அங்கே போகிறவர் கையில் கொடுங்கள்.