ஓடையில் வளையாத ஃப்ளை ராட்: என் அனுபவம்

நீலகிரியின் அவலாஞ்சி ஏரியில் அருமையாக வீசிய 5-ஆம் எண் ஃப்ளை ராட் (செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்), மேலே உள்ள ஓடைக்குப் போனதும் அடம்பிடித்தது. லைன் (தூண்டில் நூல்) சுருண்டு காலடியிலேயே விழும், டிரவுட் மீன் ஓடிவிடும். லைனையும் பூச்சியையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடரை 9 அடியிலிருந்து 7 ஆகக் குறைத்தேன். பூச்சியைச் சிறிதாக்கினேன். வேகமாக வீசிப் பார்த்தேன், சத்தம்தான் கூடியது.

விடை கிடைத்தது தராசில். ராடில் போட்டிருக்கும் எண், லைனின் முதல் 30 அடி எடையை வைத்து வருவது. நுனியில் ஒரே பருமனாக இருக்கும் மெல்லிய துண்டு அந்தக் கணக்கில் சேராது. 5-க்கு 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். ஓடையில் வெளியே போவதோ 12 அடி லைன்தான். அந்த நீளத்தை மட்டும் நகை நிறுக்கும் சின்னத் தராசில் சுருட்டி வைத்தேன்: மூன்று கிராம்கூட இல்லை. அப்புறம் ராட் எப்படி வளையும்?

குறைந்த எடைக்கே வளையும் 3-ஆம் எண் ராடில், ஒரு எண் கூடுதலாக 4-ஆம் எண் லைன் (120 கிரெயின்) போட்டேன். முதல் வீச்சிலேயே நேராகப் போய் விழுந்தது. அப்பாடா!

காற்றடிக்கும் ஏரிக்கு 5 அல்லது 6 போதும். மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனுக்குக் கட்டும் கனத்த பூச்சிக்கு 8-க்குக் கீழே போகாதீர்கள். பூச்சியை இழுத்துக்கொண்டு போவது லைனின் எடைதான்.