நாவலுக்கு முன் தொகுப்பு

பழைய பாணிப் புதிர்த் துப்பறியும் கதைகளில் புது எழுத்தாளர் வேண்டுமென்றால், நாவலை விட்டுவிட்டு முதலில் ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். கொழும்பில் மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் லைப்ரரி கிரைம் கிளாசிக்ஸ் வரிசையில் மார்ட்டின் எட்வர்ட்ஸ் தொகுத்தவை அருமையானவை: ஒவ்வொரு கதைக்கு முன்னும் எழுதியவர் யார், வேறென்ன எழுதினார் என்று சிறு குறிப்பு இருக்கும். எழுத்தாளர் தடயங்களை ஒளிக்காமல் நம் கண்முன் வைக்கிறாரா என்பது 20 பக்கத்திலேயே தெரிந்துவிடும். பிடித்த பெயரைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள், நாவலை அப்புறம் தேடலாம்.

ரயில் நேர அட்டவணையை வைத்துக் குற்றவாளியின் பொய்யை உடைக்கும் நீண்ட புதிர்களுக்கு இது சரிவராது. அப்படிப்பட்ட புதிர்களை எழுதிய ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸை நாவலில்தான் படிக்க வேண்டும்.