கோடை மழையில் எளிய திருமணம்: உடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிக்கடி மழை பெய்யும் ஊரில், கோடையில் நடக்கும் ஆடம்பரமில்லாத ஒரு திருமணத்துக்குக் கிளம்புகிறவர்கள் நனையாமல் போய்ச் சேர்வதைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். மழை அரை மணியில் ஓய்ந்துவிடக்கூடும்; ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் நனைந்த துணி விருந்து முடியும்வரை உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உடையைத் தேர்ந்தெடுக்கும்போதே, நனைந்தால் அது எப்படித் தோன்றும், எவ்வளவு விரைவில் உலரும் என்று பார்த்துவிட வேண்டும்.

கோடை என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு பருத்தியை எடுப்பது முதல் தவறு. பருத்தி நீரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதை எளிதில் விடாது. மெல்லிய பருத்திச் சட்டை என்றால் பெரிய தொல்லை இல்லை, தடித்த பருத்தியும் ஜீன்ஸும்தான் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நனைந்த ஜீன்ஸின் நீலச் சாயம் பக்கத்தில் இருக்கும் வெளிர் நிறத் துணியில் ஒட்டிவிடும் என்பது கூடுதல் தலைவலி. இதற்கு மாறாக முழுக்கப் பாலியஸ்டருக்குத் தாவுவதும் சரியல்ல. அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால் விரைவில் உலரும், ஆனால் அதே காரணத்தால் புழுக்கத்தில் வியர்வை தோலின் மேலேயே தங்கிவிடும். மெல்லிய லினன், பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி ஆகியவை நடுவழி. லினன் கசங்கும் என்று தயங்குவோர் உண்டு. எளிய திருமணத்தில் அந்தக் கசங்கலை யாரும் குறையாகக் கருதுவதில்லை என்பது என் எண்ணம். பலரும் நினைத்தே பார்க்காத இன்னொரு துணி மெல்லிய நெசவில் வரும் கம்பளி. தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் ஈரம் தெரியாத இழை அது.

பட்டுத் துணியையும், மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான் வகைத் துணியான விஸ்கோஸையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பட்டுத் துணிகளில் ஒரு மழைத்துளி விழுந்து உலர்ந்தாலே வட்டமாகக் கறை நின்றுவிடும். விஸ்கோஸ் நனைந்த நிலையில் வலுவிழக்கும். சில நேரம் சுருங்கி, விளிம்பு ஒருபக்கம் ஏறியும் ஒருபக்கம் இறங்கியும் நிற்கும்.

நிறத்தில் நடக்கும் தவறு புகைப்படத்தில்தான் தெரியவரும். வெளிர் சாம்பலும் இளநீலமும் ஒவ்வொரு துளியையும், அக்குள் வியர்வையையும் கறுத்த திட்டாகக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய வெண்துணியோ நனைந்தவுடன் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். இழைகளுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் துணி மறைப்பாக இருக்கிறது, அந்த இடத்தை நீர் நிரப்பினால் சிதறல் குறைந்து ஒளி ஊடுருவத் தொடங்குகிறது. வெளிர் ஆடைக்குள் வெள்ளை உள்ளாடை அணிந்தால் அதன் விளிம்பு பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தை ஒத்தது அவ்வளவு தெரியாது. அடர் நிறங்களும் நெருக்கமான பூ அச்சுகளும் ஈரத்தை நன்றாக மறைக்கும். பட்டு தவிர்த்த எந்த ஆடையையும் முந்தைய வாரத்திலேயே சோதித்துவிடலாம்: கீழ்விளிம்பின் உள்பக்கத்தில் ஒரு கை நீரைத் தெளித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் உடனேயும் அரை மணி கழித்தும் பாருங்கள்.

தரையைத் தொடும் ஆடை, அகலமான பேன்ட் இரண்டுமே இந்த வானிலைக்கு ஏற்றவை அல்ல. விளிம்பு மட்டும்தானே நனையும் என்று தோன்றும். துணி நீரை மேல்நோக்கி இழுப்பதால், சற்று நேரத்தில் சேற்றுநீர் கணுக்காலைத் தாண்டி ஏறியிருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் நீளம் போதும்.

காலணியில் தவறு செய்தால் நடையே மாறிவிடும். கூர்மையான குதிகால் ஈரப் புல்வெளியில் புதையும். வழவழப்பான தோல் அடிப்பாகம் ஈரக் கல்தரையில் வழுக்கும். மென்மயிர்ப் பரப்புள்ள சூட் தோலில் நீர்க்கறை படியும். கான்வாஸ் காலணி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட, குதிகால் அகலமான காலணி அழகில் குறைந்ததல்ல. சடங்கு புல்வெளியிலா, கூரைக்கு அடியிலா என்று அழைத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நனைந்த தோல் காலணியை அடுப்பருகே வைத்தால் வெடிப்பு விடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் உலர்த்துவதே முறை.

பிளாஸ்டிக் மழைக்கோட்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள் மழைக்குத் தப்பி வியர்வையில் நனைகிறார்கள். குடைதான் மேல்; அதிலும் சிவப்புக் குடை புகைப்படத்தில் முகத்துக்குச் சிவப்புச் சாயலைத் தரும் என்பதால், நிறமற்ற ஒளிபுகும் குடை நல்லது. மழைக்குப் பின் ஈரத் துணி உலரும்போது உடல் வெப்பத்தையும் இழுத்துக்கொள்ளும்; ஒரு மெல்லிய மேலாடையைப் பைக்குள் உலர்வாக வைத்திருங்கள்.

எளிமையாக வாருங்கள் என்ற அழைப்பையும் மழையையும் சேர்த்து, வீட்டில் அணிவதையே அணிந்து செல்லலாம் என்று பொருள் கொள்பவர்களும் இருக்கிறார்கள். கழுத்தில் கட்டும் டையும் பளபளப்பும் வேண்டாம் என்பதே அந்த அழைப்பின் பொருள்; துவைத்துத் தேய்த்த, அளவாகப் பொருந்தும் உடை எப்போதும் வேண்டும்.

நீர்விலக்கும் ஸ்பிரேயைப் புறப்படும் நேரத்தில் அடிப்பது இன்னொரு தவறு. அது முழுமையாக உலர்ந்தால்தான் பயன் தரும் என்பதால் முந்தைய நாளே அடித்துவிட வேண்டும்; சில துணிகளிலும் தோல்களிலும் நிறம் மாறக்கூடும் என்பதால், கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.