புதியவருக்கு உபுண்டு கையேடு: எழுதுகிற நாம் செய்யும் தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்கப்புறம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர்கள் பழைய லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விண்டோஸ் 11 ஏறாது, ஆனால் இயந்திரம் நன்றாகவே ஓடும். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தந்தேன், தமிழில் ஒரு கையேடும் எழுதினேன். அந்தக் கையேடு யாருக்கும் உதவவில்லை.

பெரிய தவறு, திரையில் இல்லாத சொல்லை எழுதியது. 'அமைப்புகளுக்குச் செல்லவும்' என்று போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயா திரை முழுக்கத் தேடினார். அங்கே இருந்ததோ 'செட்டிங்ஸ்'. வீட்டில் ஆங்கிலம் பேசி, வார இறுதி வகுப்பில் தமிழ் படித்தவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குக் கலைச்சொல் இன்னொரு பூட்டு. பட்டனில் உள்ள பெயரை அப்படியே எழுதுங்கள், அது என்ன செய்யும் என்பதைத் தமிழில் விளக்குங்கள்.

நமக்குப் பழகியதைச் சொல்லாமல் விடுவது அடுத்த தவறு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்தால் 24.04-இல் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்றே புதியவர் நினைப்பார். அங்கே கன்ட்ரோல்+சி நகல் எடுக்காது, ஓடுகிற வேலையை நிறுத்திவிடும், நகலுக்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. இந்த இரண்டு வரிகள் இல்லாமல் டெர்மினலைத் திறக்கச் சொல்லவே கூடாது.

எச்சரிக்கையைப் பின்னால் வைப்பது ஆபத்தானது. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு' என்பதை அழுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் பேக்கப் பற்றிப் பேசி என்ன பயன்? பேத்தியின் கல்யாணப் படங்கள் அதற்குள் அழிந்து போயிருக்கும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால், லோட்ஷெடிங் (மின்வெட்டு) இருந்தால் அந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வதும் முதலிலேயே வரவேண்டும். உபுண்டுவை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கும் மேல். டேட்டா விலையை நினைத்து, பென்டிரைவில் போட்டே கொடுத்துவிடுங்கள்.

முதல் பக்கத்தில் கெர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்) பற்றிய பாடம் வேண்டாம். 'உபுண்டு' நம் அக்கம்பக்கத்தில் பேசும் சூலுவிலும் உள்ள சொல், மனிதநேயம் என்று பொருள். 2004-இல் இதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் இந்நாட்டில் பிறந்தவர். இவ்வளவு போதும், அந்நியம் குறைந்துவிடும்.

'ரொம்ப சுலபம்' என்றும் எழுதாதீர்கள். வராதவருக்கு அது வலிக்கும்.

சரி, எழுதி முடித்ததும் கணினி தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாய் திறக்க வேண்டாம், மவுஸைத் தொட வேண்டாம். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.