முற்றத்து வெளிச்சத்தில் குழந்தைப் படம்

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளையும் குடும்பத்தாரையும் படம் எடுக்கிறேன். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் கேட்பது, "டியூப்லைட்டை அணைச்சிடுங்க." வெயில் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வேறொரு நிறம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் பச்சையடித்துப் போகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கேமராவுக்குள் ஒளியை விட்டு மூடும் ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழுவதும் அதனால்தான்.

பழைய ஓட்டு வீடாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் முற்றத்து நடுவில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். தாழ்வாரத்தில், வெயில் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, முற்றத்தைப் பார்த்து உட்காரட்டும். சிவப்பு சிமெண்ட் தரை என்றால் அந்தச் சிவப்பு தாடைக்கடியில் ஏறும். வெள்ளை வேட்டி ஒன்றை முன்னால் விரித்துப் பாருங்கள், நிறம் சரியாகிவிடும், கண்ணிலும் ஒளி வரும். முற்றமில்லாத வீட்டில் வாசல் கதவைத் திறந்து வைத்து, நிலைக்குச் சற்று உள்ளே உட்கார வையுங்கள்.

குழந்தை ஓடும், அதனால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம். இருட்டாக இருந்தால், கேமரா ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்கிற ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றிக்கொள்ளலாம். தனிக் குழந்தைக்கு லென்ஸ் துளை எஃப் 2 என்று அகலமாக இருந்தால் போதும். தாத்தா பாட்டி எல்லாரும் இரண்டு வரிசையாக நின்றால், பின்வரிசையும் தெளிவாக விழத் துளையை எஃப் 5.6க்குச் சுருக்குங்கள்.

"சிரி, சிரி" என்று சொல்லாதீர்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் தரையில் உட்காருங்கள். அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும். எனக்கு மிகவும் பிடித்த நேரம், கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றியபின் பாட்டி ஈரத்தலைக்குச் சாம்பிராணி காட்டும் நேரம். முற்றம் பக்கவாட்டில் இருக்க, குழந்தைக்குப் பின்னால் இருட்டான அறைவாசல் வருகிற மாதிரி உட்காருங்கள். அப்போதுதான் புகை இழை இழையாகத் தெரியும். படத்துக்காகக் கூடுதலாகப் புகை போடச் சொல்ல வேண்டாம், பிள்ளை இருமும். அந்தப் புகைக்கு நடுவே பாட்டியின் உள்ளங்கை குழந்தையின் பிடரியைத் தாங்கியிருக்கும். முகத்தை விட்டு அந்தக் கையையும் ஒரு படம் எடுங்கள்.

அப்புறம், திருஷ்டிப் பொட்டு. ஆரம்பத்தில் ஒரு குழந்தையின் கன்னத்துப் பொட்டைக் கறை என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன். பிரிண்ட்டை வாங்கிய பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்தக் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தார். கொசுக்கடியை அழியுங்கள், கீறலை அழியுங்கள், பொட்டைத் தொடாதீர்கள். அன்று சாயங்காலமே பொட்டோடு வேறு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.